பேர் கேட்டு வந்த ஆள்

அவள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பெயருக்காக அவள் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். அதை எடுத்து ஊர் முழுக்க இறைக்க எனக்கு மனசு வராது. எங்கள் மாடியில் ஏழு வருஷம் குடியிருந்தாள் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கருவாட்டுக்காரி. கடலூர் முதுநகர் மார்க்கெட்டில் முப்பத்தைந்து வருஷம் தட்டு போட்டு உட்கார்ந்தவள். திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிற மாடி வீடு கருவாடு விற்றுக் கட்டியது. அதில் எந்த ஆம்பளைக் காசும் கிடையாது. படிப்பு எனக்கு ஏறவில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், என் பெயரை எழுதுவேன், அவ்வளவுதான். ஆனால் எண்ணில் என்னை ஏமாற்றியவன் இன்னும் பிறக்கவில்லை.

சுனாமி வந்துபோன மறு வருஷம் அவள் வந்தாள். நாற்பதுக்குப் பக்கத்து வயசு. கழுத்தில் நகை இல்லை, மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு மட்டும் இருந்தது. ஒரு தகரப் பெட்டி, இரண்டு அட்டைப்பெட்டியில் கம்ப்யூட்டர், மூன்று பாத்திரம். இவ்வளவுதான் சாமான்.

"புருஷன் இருக்காரா?" என்று கேட்டேன்.

"இருக்காரு. எங்கிட்ட இல்ல" என்றாள்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"மொட்டைமாடியில துணி ஒணத்தக் கூடாது. நான் கருவாடு காயப்போடற எடம்" என்றேன்.

"சரிக்கா. அக்ரிமென்ட்ல எழுதிடுவோம்."

"நான் சொன்னா பத்தாதா?"

"பத்தும். நாளைக்கி நீங்க வேற மாரி சொல்லிட்டா?"

என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு என்னைக் கேட்கிறாள்! அந்த நிமிஷமே அனுப்பியிருப்பேன். ஆனால் அவள் அதற்குள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டாள். எழுதி முடித்து வாய்விட்டுப் படித்தாள். துணி உலர்த்துவது இருந்தது, தண்ணீர் பிடிக்கிற நேரம் இருந்தது, கடைசியில் நான் சொல்லாத ஒன்றும் இருந்தது: 'கருவாட்டு வாசனை குறித்து வாடகைதாரர் எக்காலத்திலும் புகார் சொல்ல மாட்டார்.' எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தென்காற்று அடிக்கிற நாளில் நெத்திலி வாடை மாடிக்குள் புகுந்து ஆளைத் தூக்கும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வேலை செய்வாள். ஏழு வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டைக் காலி செய்த அன்று சுவரில் இருந்த ஆணிகளைக்கூட எண்ணிக் காட்டினாள். வந்தபோது பன்னிரண்டு, போகும்போதும் பன்னிரண்டு.

'எங்க எழுதியிருக்கு?' இதுதான் அவள் வாயில் எந்நேரமும் இருக்கும் பேச்சு. கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர், காஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர், மாதாகோயில் திருவிழாவுக்கு வரி கேட்டு வருகிறவர்கள் என்று யாராக இருந்தாலும் சரி. சண்டை போடுகிற குரலில் கேட்க மாட்டாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, காட்டினால் படிக்கத் தயாராக நிற்பாள். வந்தவர்கள் பாதிப்பேர் அந்தப் பார்வைக்கே பின்வாங்கிவிடுவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கு அந்தப் பேச்சு முள் மாதிரி குத்தும். எழுதினால்தான் உண்மையா? எழுதத் தெரியாதவர்கள் சொல்வதெல்லாம் காற்றா? மனசுக்குள் கேட்டுக்கொள்வேன். வெளியே கேட்க என் கௌரவம் விடாது.

ஒரு தடவை முதுநகரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். எனக்கு முழங்கால் வலி, அவள் உதவிக்கு வந்திருந்தாள். கூடையில் விற்காத சுறாக் கருவாடு. கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இந்தாம்மா, கூடைய எறக்கு. பஸ் பூரா நாறுது."

"கருவாடு ஏத்தக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?" என்று இவள் எழுந்தாள்.

"நாத்தத்த எழுதி ஒட்டுவாங்களாம்மா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் விடவில்லை. "இருபது வருசமா இதே பஸ்ஸுல இதே கூடைய ஏத்திகினு வரேன். உங்க அப்பன் வேலைல இருந்த காலத்துலேருந்து" என்றேன். கண்டக்டர் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகையைக் காட்டினார். இவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் படித்தாள். மேலிருந்து கீழ்வரை படித்தாள். திரும்பி வந்து கூடையின் ஒரு காதைப் பிடித்தாள்.

"எழுதியிருக்குக்கா. மத்தவங்களுக்குத் தொந்தரவு தர்ற பொருள் கூடாதாம். எறங்குவோம்."

நடுவழியில் இறங்கி நடந்தோம். கால் வலியோடு வீடு வந்து சேர்ந்த நான் இரண்டு நாள் அவளுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு விஷயம் தோன்றியது. பிறத்தியாரை மட்டும் பலகையைக் காட்டச் சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தனக்கு எதிராக எழுதியிருந்தாலும் கூடையைத் தூக்குகிறவளை அன்றுதான் பார்த்தேன்.

அவள் என்ன வேலை செய்கிறாள் என்பது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று. காலையில் ஜெபம் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் மதியம்தான் எழுந்திருப்பாள். சரக்குக் கிடையாது, கல்லா கிடையாது, தேடி ஒரு ஆள் வந்ததில்லை. எதிர்வீட்டுக்காரி, "உம் மாடிக்காரி ஜாதகம் பாக்கறாளாமே?" என்றே கேட்டுவிட்டாள். ஒரு நாள் நானே மேலே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னாடி பண்றே நீ? எனக்கு வெளங்கற மாரி சொல்லு."

"சென்னையில ஒரு வெள்ளிக் கடை இருக்குதுக்கா. கம்ப்யூட்டர்லயே விக்கிறாங்க. அவுங்களுக்கு நான் ஆள் கூட்டியாறேன். நான் கூட்டியாந்த ஆளு வாங்குனா எனக்குக் கமிஷன்."

"தரகு."

"தரகுதான்."

"எங்கேருந்து கூட்டியார? நீதான் மாடிய வுட்டே எறங்கறதில்லியே."

திரையைக் காட்டினாள். ஒருத்தருக்கு ஒரு பொருள் வேண்டுமென்றால் அதைத் தட்டித் தேடுவார்களாம். தேடினால் பக்கத்தின் உச்சியில் விளம்பரம் வருமாம். யார் விளம்பரம் மேலே வருவது என்பதற்கு ஏலமாம். அதுவும் அவர்கள் தட்டுகிற சொல்லுக்கு ஏலம்.

"சொல்லையா ஏலம் வுடறானுங்க?" எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. துறைமுகத்தில் மீன் ஏலம் கேட்டு வளர்ந்தவள் நான். மீனாவது துள்ளும்.

அவள் ஏலத்தில் எடுத்த சொற்களைப் படித்துக் காட்டினாள். காதுகுத்துக்கு வெள்ளித் தட்டு, குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு, இப்படி. ஒரு சொல்லைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. புதுநன்மை. அவர்கள் வேதத்தில் எட்டு ஒன்பது வயசுப் பிள்ளைகள் முதன்முதலாகக் கோயிலில் நற்கருணை அப்பம் வாங்குகிற நாள். வெள்ளை உடுப்புப் போட்டு, கையில் மெழுகுவத்தி கொடுத்து, ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் வெள்ளி ஜெபமாலை வாங்கித் தருவார்களாம். அந்த வெள்ளிக் கடையில் ஜெபமாலை ஒரு மூலையில் கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறது. இவள் அதைப் பார்த்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டாள்.

"அந்தச் சொல்லுக்கு ஏலத்துல நான் ஒருத்திதாங்கா" என்றாள்.

தொழில் தெரிந்தவள்தான் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. வேண்டுமென்றே சீண்டினேன்.

"எதுக்குச் சுத்தி வளைக்கற? அந்தக் கடையோட பேரையே ஏலத்துல எடேன். பேர் சொல்லித் தேடறவன் கட்டாயம் வாங்கறவனாச்சே."

அறைந்த மாதிரித் திரும்பிப் பார்த்தாள். "அது கூடாதுக்கா. எழுதியிருக்கு."

படித்துக் காட்டினாள். தரகர்கள் கடைப் பெயரை ஏலத்தில் எடுக்கக் கூடாது. எழுத்தை மாற்றிப் போட்டும் எடுக்கக் கூடாது, பக்கத்தில் 'தள்ளுபடி' என்று ஒரு சொல்லை ஒட்டியும் எடுக்கக் கூடாது. கடையே போட்ட விளம்பரம் மாதிரிக் கடையின் விலாசத்தைப் போட்டு மயக்கக் கூடாது. மீறினால் பெயரை அடித்துவிடுவார்கள்.

"பேர் சொல்லித் தேடறவன் ஏற்கெனவே அவுங்க ஆளுக்கா. தானா கடைக்குப் போறவன வாசல்ல மறிச்சி, 'நான்தான் கூட்டியாந்தேன்'னு கமிஷன் கேட்டா..."

"திருட்டு" என்றேன்.

எனக்கு அது உடனே புரிந்தது. எங்கள் மார்க்கெட்டிலும் அதுதான். நெத்திலி எங்கே, வாளை எங்கே என்று பொதுவாகக் கேட்டு வருகிறவனை யாரும் கூப்பிடலாம், கையைப் பிடித்து இழுக்கலாம், அடுத்தவள் சரக்கைக் குறைகூடச் சொல்லலாம். ஆனால் 'இன்னாருடைய தட்டு எங்கே' என்று ஒருத்தன் பேர் கேட்டு வந்தால் வாயைத் திறக்கக் கூடாது. கையைக் காட்டி வழி சொல்ல வேண்டும். உன் தட்டில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தாலும் சரி. பண்ருட்டியிலிருந்து என் பேர் கேட்டு வந்த ஒருத்தரைப் பக்கத்துத் தட்டுக்காரி ஒருத்தி, "அவுங்க இன்னிக்கி வரல, எங்கிட்டதான் குடுத்துட்டுப் போனாங்க" என்று சொல்லித் தன் சுறாவைத் தலையில் கட்டிவிட்டாள். நான் பத்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். எட்டு நாள் மார்க்கெட்டில் யாரும் அவளுக்குச் சில்லறை மாற்றித் தரவில்லை. தட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஒதுங்கப் போகவும் முடியாமல் தவித்தாள். ஒன்பதாம் நாள் தானாக என்னிடம் வந்து நின்றாள்.

இதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்.

"இத உங்க மார்க்கெட்ல எங்கக்கா எழுதி வெச்சிருக்கு?"

"எங்கயும் இல்ல. எழுதற அவசியம் இதுவரைக்கும் வரல" என்றேன்.



அவள் வந்து ஐந்தாவது வருஷம், புதுநன்மைக் காலம் முடிந்த கையோடு சென்னையிலிருந்து போன் வந்தது. நான் அப்போது மாடியில்தான் இருந்தேன். அவள் போனைச் சத்தமாக வைத்துவிட்டுக் குறிப்பெடுக்கக் காகிதம் எடுத்தாள். அந்தக் கடையின் மேனேஜர் பேசினார்.

"மேடம், யாரோ எங்க கடைப் பேர்ல விளம்பரம் போடறாங்கன்னு கம்ப்ளெயின்ட் வந்திருக்கு. லிஸ்ட்ல இந்த சீசன்ல திடீர்னு ஏறினது உங்க சேல்ஸ் மட்டும்தான். கடலூர்லேருந்து இவ்ளோ ஆர்டர் எப்டி?"

"புதுநன்மை சீசன் சார்."

"அது இன்னா ஸ்கீம்?"

எனக்கு வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. அவள் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினாள். அவர் கேட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. மூன்று நாள் கழித்து அவளுடைய கணக்கை மூடிவிட்டார்கள். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கடைப் பெயரில் ஏலம் எடுத்துப் பிடிபட்டவர் என்று அவள் பெயரையும் தரகர் எண்ணையும் போட்டுத் தரகர்கள் எல்லோருக்கும் கடிதம் அனுப்பிவிட்டார்கள். அது காதுக்கு எட்டி, அவள் ஆள் அனுப்பிக்கொண்டிருந்த வேறு இரண்டு கடைகளும் அவளை நிறுத்திவைத்தன. கூடவே அவளுக்குத் தனியாக ஒரு கடிதம்: 'தெரியாமல் செய்த தவறுக்கு வருந்துகிறேன், இனிச் செய்ய மாட்டேன்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினால் மறுபடி சேர்த்துக்கொள்வார்களாம்.

விஷயம் தெரிந்து விருத்தாசலத்திலிருந்து அவள் தம்பி ஓடி வந்தான்.

"அக்கா, ஒரு கையெழுத்து. போட்டுத் தொலையேன். வேலை போச்சுன்னா இன்னா பண்ணுவ?"

"செஞ்சிருந்தா போட்டிருப்பேன்டா."

"யாரு போயி பாக்கப் போறா? ஃபைல்ல தூங்கப் போவுது."

"நாளைக்கி ஒருத்தன் எடுத்துப் படிப்பான். படிக்கறவனுக்கு நான் செஞ்சேன்னுதான தெரியும்? கீழ எங் கையெழுத்து இருக்கும்."

தம்பி என்னைப் பார்த்தான். "நீங்களாவது சொல்லுங்கம்மா."

"எங்கிட்ட கேக்காத தம்பி. நானா இருந்தா அந்தக் கடிதாசியில கருவாடு மடிச்சி அனுப்பியிருப்பேன்" என்றேன்.

அவன் சாப்பிடாமல் போய்விட்டான்.

இரண்டு வாரம் அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை. கடைப் பெயரை நூறு விதமாகத் தட்டிப் பார்த்தாள். ஒரு விளம்பரமும் வரவில்லை. அப்புறம் சிதம்பரத்தில் இருக்கிற, அவளோடு படித்த சிநேகிதி ஒருத்தி போனில் சொன்னாள், அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் தட்டினால் உச்சியிலேயே வருகிறது என்று. அப்போதுதான் இவளுக்குச் சூட்சுமம் புரிந்தது. திருடன் கெட்டிக்காரன். கடைக்காரர்கள் சென்னையில் இருப்பதால், சென்னையில் மட்டும் தெரியாதபடி விளம்பரத்தை வைத்திருக்கிறான். எங்கள் வீட்டு இன்டர்நெட் லைன் சென்னை வழியாகப் போவதால் மெஷின் எங்களையும் சென்னைக்காரர்கள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது.

"அக்கா, ரெண்டாவதா ஒரு கண்ணு வேணும். சிதம்பரம் வரீங்களா?"

காலை பஸ்ஸில் கிளம்பினோம். வழியில் சொன்னாள்: விளம்பரத்தை அழுத்தினால் கடைப் பக்கம் திறக்கும். திறப்பதற்கு முன் மேலே விலாசக் கட்டத்தில் தரகருடைய எண் ஒரு கணம் ஓடி மறையும். வேகமான மெஷினில் கண்ணுக்கே தெரியாது. அந்த சென்டரில் மெஷின் ஆமை மாதிரி, அதனால் பிடிக்கலாம்.

"பத்து தடவ அழுத்து. ஒரு தடவையாவது தெரியும்" என்றேன்.

"இல்லக்கா. ஒவ்வொரு அழுத்துக்கும் விளம்பரம் போட்டவனுக்குச் செலவு. வாங்கற எண்ணம் இல்லாம அழுத்தக் கூடாதுன்னு இருக்கு. சந்தேகம் தீக்க ஒரு தடவ அழுத்துவேன். ரெண்டாவது தடவ மாட்டேன்."

"திருடன் காசுடி!"

"அழுத்தறது நான்தானக்கா."

தலையில் அடித்துக்கொண்டேன். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மேலவீதிப் பக்கம் ஒரு சந்தில் அந்த சென்டர் இருந்தது. ஆளுயரத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டூல். நாங்கள் இருவரும் நுழைவதைப் பார்த்து உரிமையாளர் விரலால் சுவரைக் காட்டினார். இவள் நின்று படித்தாள். பஸ்ஸில் இறங்கிய மாதிரி இங்கேயும் இறங்கிவிடுவாளோ?

"ஒரு மெஷின்ல ஒருத்தர் மட்டும்தான் உக்காரணும்னு எழுதியிருக்குக்கா" என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது.

"உக்காரக் கூடாதுன்னுதான எழுதியிருக்கு?" என்றேன் உரிமையாளரிடம். "நான் உக்கார மாட்டேன். நிக்கறேன். நிக்கக் கூடாதுன்னு எங்கய்யா எழுதியிருக்கு?"

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நில்லு ஆயா" என்றார். இவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

ஸ்டூலுக்குப் பின்னால் முழங்கால் வலியோடு நின்றேன். கடைப் பெயரைத் தட்டினாள். உச்சியில் வந்தது விளம்பரம். கடையே போட்ட மாதிரி, கடையின் விலாசத்தோடு.

"நம்பர மட்டும் பாருங்கக்கா. நான் படம் புடிக்கற பட்டன அழுத்தறேன்."

சிலுவை போட்டுக்கொண்டு அழுத்தினாள். திரை வெள்ளையாயிற்று. மேலே எழுத்துகள் எறும்புச் சாரை மாதிரி ஓடின. எல்லாம் இங்கிலீஷ், எனக்கு எழுத்து எதுவும் தெரியவில்லை. எழுத்து தெரியாததால்தானோ என்னவோ, நடுவில் இருந்த ஐந்து எண்களும் தனியாக எழுந்து நின்றன. ஏலத்தில் ஒருத்தன் துண்டுக்கடியில் விரல் மடக்குவதைப் பத்தடி தூரத்திலிருந்து படிக்கிறவள் நான்.

"நாலு, ஒண்ணு, ஏழு, எட்டு, ஆறு."

அவள் பிடித்த படத்தில் ஒன்றுமில்லை. ஒரு நொடி பிந்திவிட்டிருந்தது. வெறும் கடைப் பக்கம்தான் விழுந்திருந்தது.

"நிச்சயமாக்கா?"

"என்னையா கேக்கற?"

வேறு கேள்வி கேட்கவில்லை. மணியைப் பார்த்தாள், பதினொன்று இருபது. அங்கேயே உட்கார்ந்து கடைக்குக் கடிதம் எழுதினாள். இன்ன நாள், இன்ன நேரம், சிதம்பரத்திலிருந்து இந்த எண் வழியாக ஒரு ஆள் உங்கள் கடைக்குள் வந்தாரா இல்லையா என்று உங்கள் பதிவிலேயே பாருங்கள். வந்திருந்தால் அவர் எந்தச் சொல்லைத் தேடி வந்தார் என்றும் பாருங்கள். பார்த்துவிட்டு அந்த எண் யாருடையது என்று எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இவ்வளவுதான் கடிதம்.

எழுத்தில் ஒன்றும் வரவில்லை. பத்து நாள் கழித்து மேனேஜரே காரில் வந்தார். முப்பது வயசு இருக்கும், இஸ்திரி கலையாத சட்டை. மாடிப்படி ஏறும்போதே மூக்கைத் துடைத்துக்கொண்டார். அன்று தென்காற்று.

"வாங்க பாட்டி, நீங்களும் உக்காருங்க" என்றார் என்னிடம்.

"எங்க வூட்டுல என்னை உக்காரச் சொல்றியா தம்பி? நீ உக்காரு" என்றேன்.

அந்த எண் அவர்களுடைய பெரிய தரகர் ஒருத்தருடையதாம். சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார்களாம். "உங்க மேல தப்பில்ல மேடம். இன்னைக்கே அக்கவுன்ட் ஓபன் பண்ணிடலாம். அந்த லெட்டர்ல மட்டும் ஒரு சைன் பண்ணிடுங்க. ஃபைல்ல அது இல்லாம திறக்க முடியாது, ஒரு ஃபார்மாலிட்டி."

"எம் மேல தப்பில்லன்னா நான் எதுக்கு சார் வருந்தறேன்?"

"சும்மா ஒரு பேப்பர் மேடம்."

அவள் உள்ளே போய் ஒரு காகிதம் கொண்டு வந்து அவர் முன் வைத்தாள். அவர்கள் அனுப்பின அதே கடிதம், அதே வாசகம். அவள் பெயர் இருந்த இடத்தில் கடையின் பெயர் இருந்தது. 'தெரியாமல் செய்த தவறுக்கு வருந்துகிறோம், இனிச் செய்ய மாட்டோம்.'

"சும்மா ஒரு பேப்பர்தான சார். போடுங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். கருவாட்டுக்கு நடுவில் நின்று முதலாளியுடன் ரொம்ப நேரம் பேசினார். இறங்கி வந்து, "ரெண்டு லெட்டருமே வேணாம்னு சொல்லிட்டாங்க மேடம். கமிஷனும் ஜாஸ்தி பண்ணித் தர்றோம். பழசை மறந்துடலாம்" என்றார்.

நல்ல பேச்சுத்தான். ஒத்துக்கொள்வாள் என்றே நினைத்தேன். நானாக இருந்தால் அங்கேயே முடித்திருப்பேனோ என்னவோ.

"நீங்க மறந்துடுவீங்க சார். உங்க கடிதாசி போன எல்லார்கிட்டயும் எம் பேரு இருக்கே, அவுங்க எப்டி மறப்பாங்க? எத்தினி பேருக்குப் போச்சோ அத்தினி பேருக்கும் இதுவும் போவணும். இங்கயே, எங் கண்ணு முன்னாடி."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். மறுபடி மொட்டைமாடி, மறுபடி போன். கடைசியில் அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து தட்டினார். அவள் பின்னால் நின்று படித்தாள்.

"'சிரமத்துக்கு வருந்துகிறோம்'னு இருக்கு. சிரமம் இல்ல சார். பொய். 'தவறான குற்றச்சாட்டுக்கு'ன்னு போடுங்க."

போட்டார். அனுப்பினார். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு நானும் போட வேண்டும் என்றாள் அவள். பேனாவை வாங்கி ஒவ்வொரு எழுத்தாக, சுழியெல்லாம் சரியாக வரும்படி எழுதினேன். கீழே டிரைவர் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும் என்று புள்ளியை நிதானமாக வைத்தேன்.

மேனேஜர் எழுந்தார். "அப்போ நாளைலேருந்து ஆரம்பிச்சிடலாம் இல்ல மேடம்?"

"ஆரம்பிக்கறேன் சார். இதையும் வாங்கிக்குங்க." இன்னொரு காகிதம். "உங்க விதியில இருக்கு. ரெண்டு பக்கமும் யாரு வெலகறதா இருந்தாலும் முப்பது நாள் முன்ன எழுத்துல சொல்லணும். சொல்லிட்டேன்."

அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இப்பதான மேடம் எல்லாத்தையும் சரி பண்ணோம்?"

"சரி பண்ணதுக்கு அப்பறம்தான் சார் நான் போவ முடியும். முன்னயே போயிருந்தா ஓடிப்போனதா ஆயிருக்கும்."

அந்த முப்பது நாளும் அவள் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை, ஒரு நாள் பிந்தி உட்காரவில்லை. புதுச்சேரியில் வேறொரு வெள்ளிக் கடை அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது, மறுநாள் காலையிலிருந்து. மேனேஜர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போன் செய்தார். மனசு மாறுங்கள் மேடம் என்றார். அவளும் ஒவ்வொரு தடவையும் எடுத்து, "விதிப்படி இன்னும் இத்தினி நாள் இருக்கு சார்" என்று மரியாதையாகச் சொல்லி வைப்பாள்.

முப்பதாம் நாள் சாயங்காலம் நான் டீ கொண்டு போனேன். நாகப்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா, வெள்ளிக் குத்துவிளக்கு ஐந்து ஜோடி வேண்டும், எங்கே வாங்கலாம் என்று இவளுக்கு எழுதிக் கேட்டிருந்தார். பெரிய ஆர்டர். இவள் அந்தச் சென்னைக் கடைக்கு வழி சொல்லிப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, விடிஞ்சா புதுக் கடை. காலையில பதில் எழுதுனா அந்தம்மா செத்தாப் போயிடுவா?"

"மணி அஞ்சேமுக்கால்தான ஆவுதுக்கா. ஆறு வரைக்கும் நான் அவுங்க ஆளு."

அனுப்பிவிட்டு, ஏலத்தில் இருந்த சொற்களை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரை அணைத்தாள். டீயைக் கையில் எடுத்தாள். ஒரு வாய் குடிப்பதற்குள் போன் அடித்தது. யார் என்று எட்டிப் பார்த்துவிட்டு, எடுக்காமல் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, நானே எடுத்தேன்.

"மேடம் இருக்காங்களா?" என்றார் மேனேஜர்.

"இருக்கா" என்றேன். "ஒங்களுக்கு இல்ல."